ஏழு சகோதரிகளும் ஒரு புல் டொயோட்டாவும்

2005ஆம் ஆண்டு ஆஸ்திரேலியாவின் டார்வின் நகரில், பூர்வகுடிக் கலைக்கான தேசிய விருதை ஒரு டொயோட்டா வண்டி தட்டிச் சென்றது. நிஜ வண்டியின் அளவு இருந்தது. ஆனால் புல்லால் ஆனது. பாலைவனத்தில் பறித்த புல்லைக் கற்றை கற்றையாகச் சேர்த்து, ரஃபியா நாரால் சுற்றி இறுக்கிப் பின்னிய வண்டி. மேற்கு ஆஸ்திரேலியாவில் பாபுலங்குஜா என்றொரு சிற்றூர். அந்த ஊர்ப் பெண்கள், கான்ஜுபாயி பென்சன் என்ற மூத்த கலைஞரை முன்னிறுத்தி இதைச் செய்தார்கள்.

இத்தனை விலங்குகளும் பறவைகளும் சுற்றியிருக்க, ஏன் டொயோட்டா? அந்த ஊர்களின் தூரம் தெரிந்தால் இந்தக் கேள்வி எழாது. அங்கே தாயின் ஊர்ச் சுனைக்குப் போக வேண்டுமென்றால் இருநூறு, முந்நூறு கிலோமீட்டர் மண் பாதை. பேருந்து கிடையாது. சடங்குக்கும், துக்கத்துக்கும், கிழங்கு தோண்டவும், பேரப் பிள்ளைகளுக்கு இதுதான் நம் இடம் என்று காட்டவும் வண்டி வேண்டும். மணலில் புதையாத வண்டி வேண்டும். ஆலிஸ் ஸ்பிரிங்ஸ் நகருக்கு வடமேற்கே ஏறத்தாழ 300 கிலோமீட்டரில் உள்ள யூண்டுமுவில், 1980களின் தொடக்கத்தில் வார்ல்பிரி இனப் பெண்கள் சிறு பலகைகளில் வரைந்து விற்கத் தொடங்கியதும் ஒரு டொயோட்டா வாங்கத்தான். வண்டி வந்தால் தங்கள் நிலத்துக்குப் போகலாம். அந்த முயற்சியைத் தொடர்ந்துதான் 1985இல் வார்லுகுர்லங்கு என்ற கலை மையம் அங்கே உருவானது.

ஆஸ்திரேலியப் பாலைவனப் பெண்களின் கலையைப் பற்றிப் பேச நான் இந்த வண்டியிலிருந்து தொடங்குவதற்குக் காரணம் உண்டு. அருங்காட்சியகச் சுவரில் அந்த ஓவியங்களைப் பார்க்கிறவர்கள் நிறத்தையும் புள்ளிகளையும் பார்த்து மயங்கிப்போகிறார்கள். மயங்கலாம், தப்பில்லை. ஆனால் அவை ஒவ்வொன்றும் ஒரு நடையின் பதிவு. இன்னார், இன்ன இடத்துக்கு நடந்து போகும் உரிமையும் கடமையும் உடையவர் என்பதன் பதிவு. அந்த நடை நின்றால் ஓவியமும் நின்றுபோகும்.

இதை உலகத்துக்குப் புரியும்படி சொன்ன ஒரு கண்காட்சி, கான்பெராவில் உள்ள ஆஸ்திரேலிய தேசிய அருங்காட்சியகத்தில் 2017 செப்டம்பரில் தொடங்கியது. பெயர் 'சாங்லைன்ஸ்: டிராக்கிங் தி செவன் சிஸ்டர்ஸ்'. தமிழில் 'பாட்டுத்தடங்கள்: ஏழு சகோதரிகளின் வழியே' என்று சொல்லிக்கொள்ளலாம். நூற்றுக்கும் மேற்பட்ட கலைஞர்களின் ஓவியங்கள், புல்லில் பின்னிய உருவங்கள், பானைகள், காணொளிகள் அதில் இருந்தன. ஆண்களும் பங்கெடுத்தார்கள். ஆனாலும் அதன் முதுகெலும்பு பெண்கள்தான். கதையே பெண்களுடையது, அதைச் சொல்லும் உரிமையில் பெரும்பங்கும் பெண்களுடையது. கான்பெராவிலிருந்து அது பெர்த்துக்குப் போனது. அப்புறம் பிரிட்டனின் பிளிமத், ஜெர்மனியின் பெர்லின், பிரான்சின் பாரிஸ் என்று கடல் தாண்டியது.

இந்தக் கண்காட்சி தொடங்கிய விதம் வேறு மாதிரியானது. பொதுவாக ஓர் அருங்காட்சியகம் முதலில் தலைப்பை முடிவு செய்யும், பிறகு கலைஞர்களைத் தேடிப் போகும். இங்கே 2010இல் மத்திய பாலைவனத்தில் வாழும் அனங்கு பூர்வகுடி மக்களின் மூத்தோர் தாங்களே அருங்காட்சியகத்தையும் ஆய்வாளர்களையும் கூப்பிட்டு உதவி கேட்டார்கள். எங்கள் பாட்டுத்தடங்கள் துண்டு துண்டாக உடைந்து கிடக்கின்றன, அவற்றை மறுபடி சேர்த்து வைக்க நீங்கள் துணைக்கு வர வேண்டும் என்று டேவிட் மில்லர் என்ற மூத்தவர் கேட்டார். பிள்ளைகள் இப்போது நகரத்தையும் கைபேசியையும் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள், ஒருநாள் திரும்பி வந்து கேட்பார்கள், அப்போது சொல்ல நாங்கள் இருக்க மாட்டோம் என்பது அந்தத் தலைமுறையின் கவலை. அப்படித் தொடங்கிய பல ஆண்டு வேலையின் பலன்தான் கண்காட்சி. அருங்காட்சியகத்தின் சார்பில் அதை முன்னின்று நடத்திய மார்கோ நீல் அவர்களும் பூர்வகுடி வழிவந்தவர். எதைக் காட்டலாம், எதைக் காட்டக்கூடாது என்று முடிவு செய்தது அந்தந்த நிலத்துக்குப் பொறுப்பான மூத்தோர் குழு.

சரி, பாட்டுத்தடம் என்றால் என்ன?

முன்னோர்கள் இந்த நிலத்தின் மேல் நடந்து போனார்கள், அவர்கள் உட்கார்ந்த இடம் சுனையானது, படுத்த இடம் குன்றானது, சண்டையிட்ட இடம் பாறைக் குவியலானது என்று பாலைவன மக்கள் சொல்கிறார்கள். பிஜன்ஜாரா மொழியில் இதற்கு ஜுகுர்பா என்று பெயர். ஆங்கிலத்தில் இதைக் 'கனவு' என்று மொழிபெயர்த்துப் பழகிவிட்டார்கள், அது பொருத்தமே இல்லாத சொல். ஜுகுர்பா முடிந்துபோன பழங்கதை இல்லை, இன்றும் நடப்பில் இருக்கும் சட்டம். முன்னோர் போன வழியில் ஒவ்வோர் இடத்துக்கும் ஒரு பாட்டு உண்டு. பாட்டுகளை வரிசையாகப் பாடினால் அடுத்த தண்ணீர் எங்கே, அங்கே என்ன கிடைக்கும், யாரிடம் அனுமதி கேட்க வேண்டும் என்பதெல்லாம் வந்துவிடும். ஒரு கூட்டத்தின் நில எல்லை முடியும் இடத்தில் அடுத்த கூட்டம் பாட்டை வாங்கிக்கொள்ளும். மொழி மாறும், தடம் தொடரும். எழுத்து இல்லாமல் இவ்வளவு பெரிய நிலத்தை நினைவில் வைத்திருக்க மனிதர்கள் கண்டுபிடித்த வழிகளில் இதைவிட நேர்த்தியான ஒன்றை நான் அறியேன்.

ஏழு சகோதரிகளின் தடம் அவற்றில் மிக நீளமானவற்றுள் ஒன்று. கண்காட்சி அதன் மூன்று பகுதிகளை எடுத்துக்கொண்டது: மேற்கே மார்ட்டு மக்களின் நிலம், நடுவில் ஙாஞஜாரா மக்களின் நிலம், கிழக்கே பிஜன்ஜாரா, யங்குஞ்ஜாரா மக்களின் நிலம். மேற்கில் அந்தச் சகோதரிகளுக்கு மின்யிபுரு என்று பெயர், கிழக்கில் குங்கரங்கல்பா.

கதை இது. ஏழு சகோதரிகள் பாலைவனத்தைக் கடந்து போகிறார்கள். ஒருவன் பின்தொடர்கிறான். மார்ட்டு நிலத்தில் அவன் யூர்லா, கிழக்கே வத்தி ஞிரு. அவன் மந்திரக்காரன், நினைத்த உருவம் எடுப்பான். சகோதரிகள் களைத்து வரும்போது நிழல் தரும் அத்தி மரமாக நிற்பான். பசித்து வரும்போது காட்டுத் தக்காளியாகப் பழுத்திருப்பான், கொழுத்த பாம்பாக வளைக்குள் படுத்திருப்பான். பெண்கள் கண்டுபிடித்துவிடுவார்கள், மறுபடி ஓடுவார்கள். மூத்தவள்மேல்தான் அவனுக்குக் கண். அவள் துன்பப்படுகிறாள், மற்றவர்கள் அவளைத் தாங்கிக்கொண்டு போகிறார்கள். கடைசியில் எல்லாரும் வானத்துக்குத் தாவி நட்சத்திரங்களாகிறார்கள். அவனும் விடாமல் பின்னாலேயே வானில் நிற்கிறான்.

இதில் துரத்துவது மட்டும் குற்றமில்லை. அவன் அந்தப் பெண்களுக்கு முறை இல்லாதவன். யார் யாரை மணக்கலாம், யார் பக்கம் திரும்பியும் பார்க்கக்கூடாது என்ற விதி பாலைவனச் சமூகங்களில் மிகக் கறாரானது. ஆங்கிலத்தில் எழுதுகிறவர்கள் இதை விளக்க ஒரு பத்தி செலவழிப்பார்கள். தமிழில் 'முறை' என்ற ஒரு சொல் போதும்.

அந்த நட்சத்திரங்களும் நமக்குத் தெரிந்தவைதான். சங்கப் பாட்டு 'அறுமீன்' என்று சொல்லும் கார்த்திகைக் கூட்டம். துரத்துகிறவன் நிற்பது ஒரையன் எனப்படும் நட்சத்திர மண்டலத்தில். நம் கதையில் ஏழு முனிவர்களின் மனைவியரில் அறுவர் கார்த்திகைப் பெண்களாகிறார்கள், அருந்ததி மட்டும் தனியே நிற்கிறாள். கிரேக்கர்களும் ஏழு பேர் என்று சொல்லி ஒருத்தி காணாமல் போனதாகக் கதை வைத்திருக்கிறார்கள். வெறுங்கண்ணுக்கு அங்கே பெரும்பாலும் ஆறுதான் தெரியும். மிகப் பழங்காலத்தில் ஏழாவது தனியாகத் தெரிந்திருக்கலாம், இப்போது அது பக்கத்து நட்சத்திரத்தோடு ஒட்டித் தெரிகிறது, ஆகவே இந்தக் கதைகளுக்கு ஒரு லட்சம் ஆண்டு வயதுகூட இருக்கலாம் என்று ஆஸ்திரேலிய வானியலாளர் ரே நாரிஸ் ஒரு கருத்தை முன்வைத்திருக்கிறார். அது ஊகம்தான், நிரூபணம் ஆகவில்லை. ஆனால் கார்த்திகையைப் பார்த்து வளர்ந்த யாருக்கும் அதைப் படிக்கும்போது சிலிர்க்கும்.

இனி ஓவியத்துக்கு வருவோம். முதலில் தெரிந்துகொள்ள வேண்டியது, கேன்வாஸ் தரையில் விரிக்கப்படுகிறது. பெண்கள் அதைச் சுற்றியும் சில சமயம் அதன் மேலேயும் சம்மணமிட்டு உட்கார்ந்து, ஆளுக்கொரு பக்கத்திலிருந்து வரைந்துகொண்டு வருகிறார்கள். மேல், கீழ் என்று திசை கிடையாது. பின்னாளில் சுவரில் மாட்டும்போது யாரோ ஒருவர் ஒரு பக்கத்தை மேல் என்று முடிவு செய்கிறார், அவ்வளவுதான். வரையும்போது பேச்சு நடக்கும், பாட்டு நடக்கும், குழந்தைகள் மேலே நடந்து போவார்கள், நாய் படுத்திருக்கும்.

குறியீடுகள் மணலிலிருந்து வந்தவை. பாலைவனப் பெண்கள் குழந்தைகளுக்குக் கதை சொல்லும்போது ஒரு குச்சியை மணலில் தட்டித் தட்டித் தாளம் போட்டுக்கொண்டே விரலால் வரைவார்கள். ஒரு காட்சி முடிந்ததும் உள்ளங்கையால் மணலைத் தடவி அழித்துவிட்டு அடுத்த காட்சி. அதில் பெண் என்றால் ஆங்கில எழுத்து 'யூ' மாதிரி ஒரு வளைவு. மணலில் கால் மடித்து உட்கார்ந்து எழுந்த பிறகு கிடக்கும் தடத்தைப் பாருங்கள், அதுதான் அந்த வளைவு. பக்கத்தில் ஒரு நேர்கோடு இருந்தால் அவள் கையிலுள்ள தோண்டுகோல். நீள்வட்டம் என்றால் கிழங்கும் குழந்தையும் சுமக்கும் மரத்தட்டம். வட்டத்துக்குள் வட்டம் என்றால் சுனை, அல்லது தங்கிய இடம். ஆளை வரையாமல் ஆள் விட்டுப்போன தடத்தை வரைகிறார்கள். வேட்டையாடித் தடம் பார்த்தே வாழ்ந்தவர்களின் கண் அது. ஏழு வளைவுகள் சேர்ந்திருந்தால் சகோதரிகள் அங்கே உட்கார்ந்திருக்கிறார்கள் என்று புரிந்துகொள்ளலாம்.

கண்காட்சியில் இடம்பெற்ற ஒரு படைப்பை மட்டும் கொஞ்சம் நிதானமாகப் பார்க்கலாம். பெயர் 'யார்கல்பா', வேட்டை நிலம் என்று பொருள். 2013இல் மேற்குப் பாலைவனத்தின் பார்ங்கூர் என்ற ஊரில் எட்டு மார்ட்டுப் பெண்கள் சேர்ந்து வரைந்தது. ஐந்து மீட்டர் நீளம், மூன்று மீட்டர் அகலம். சாதாரண வீட்டின் ஒரு அறைத் தரையை மூடிவிடும்.

பார்த்த உடனே நிறத் திட்டுகள்தான் கண்ணில் படும். கறுப்பு, பச்சை, மஞ்சள், ஊதா, வெளிர் நிறம் என்று ஒட்டுத்துணி போல. அந்தத் திட்டுகள் நெருப்பின் கணக்கு. மார்ட்டு மக்கள் ஸ்பினிஃபெக்ஸ் எனப்படும் முட்புல் வெளியைச் சிறு சிறு பகுதிகளாகக் கொளுத்துவார்கள். எரிந்த நிலத்தின் ஒவ்வொரு பருவத்துக்கும் அவர்கள் மொழியில் தனிப் பெயர் உண்டு. எரிந்து கறுத்துக் கிடப்பது நியுர்ன்மா. அப்போது மணல் உடும்பின் வளையும் தடமும் பளிச்சென்று தெரியும். மழை பெய்து பச்சைக் கொழுந்து தலை நீட்டினால் வாரு-வாரு. செடிகள் காய்த்து, காட்டுத் தக்காளியும் புல் விதையும் நிறையக் கிடைக்கும் பருவம் நியுகுரா. முட்புல் மறுபடி தலையெடுத்தால் மங்குல். அது முதிர்ந்து, நடுவில் வெறுமையாகி, மறுபடி கொளுத்தக் காத்திருப்பது குனார்கா. ஓவியத்தில் எந்தத் திட்டு எந்தப் பருவத்தில் இருக்கிறது என்று வரைந்தவர்களால் சொல்ல முடியும். 2013இல் பார்ங்கூரைச் சுற்றி நிலம் எப்படி இருந்தது என்பதற்கு அது ஒரு கணக்கேடு.

உடும்பு வேட்டைக்காகப் பெரும்பாலும் கொளுத்துகிறவர்கள் பெண்கள். ரெபெக்கா ப்ளீஜ் பேர்ட், டக்ளஸ் பேர்ட் என்ற மானுடவியலாளர்கள் பல ஆண்டுகள் மார்ட்டு மக்களோடு நடந்து இதை அளந்தார்கள். அவர்கள் கண்டது: மக்கள் வேட்டைக்குப் போய்க் கொளுத்தும் பகுதிகளில் பல வயதுத் திட்டுகள் கலந்து இருப்பதால் காட்டுத்தீ பெரிதாகப் பரவுவதில்லை, வேட்டையாடப்படும் உடும்புகூட அங்கேதான் அதிகம். ஆள் போகாத இடத்தில் மின்னல் பற்றவைத்தால் தீ கண்ணுக்கெட்டிய தூரம் வரை எரித்துவிடும். ஆராய்ச்சி இதழில் வந்ததும் இந்தக் கேன்வாஸில் இருப்பதும் ஒரே அறிவுதான்.

பார்ங்கூரின் மலைச் சுனை மின்யிபுரு சகோதரிகள் வந்துபோன இடம். ஆகவே அதே படத்தில் அவர்களும் இருக்கிறார்கள்.

வரைந்த எட்டுப் பேரில் ஒருவர் ஜேனிஸ் யுவாலி நிக்சன். 1964இல் பிரிட்டனின் 'புளூ ஸ்ட்ரீக்' ராக்கெட்டைத் தெற்கு ஆஸ்திரேலியாவின் ஊமரா தளத்திலிருந்து ஏவிச் சோதிக்க முடிவானது. ராக்கெட்டின் பாகங்கள் விழக்கூடிய நிலத்தில் யாராவது இருக்கிறார்களா என்று பார்க்க ரோந்து அதிகாரிகள் வண்டிகளில் போனார்கள். பெர்சிவல் ஏரிகள் எனப்படும் உப்பு ஏரிப் பகுதியில் இருபது பேர் இருந்தார்கள். அத்தனை பேரும் பெண்களும் குழந்தைகளும். வெள்ளையரை அதுவரை பார்த்ததில்லை. பதினேழு வயது யுவாலிக்கு, நகர்ந்து வரும் லாரி உயிர்பெற்ற பாறையாகத் தெரிந்ததாம். பெண்கள் ஓடினார்கள், மணல்மேடுகளுக்குப் பின்னால் ஒளிந்தார்கள், வண்டி தடம் பார்த்துத் தொடர்ந்தது. கடைசியில் அவர்கள் ஜிகலாங் என்ற மிஷன் குடியிருப்புக்குக் கொண்டுபோகப்பட்டார்கள். அவர்கள் ஓடிய நிலம் மின்யிபுரு தடத்தின் அருகில் இருக்கிறது. அந்தப் பெண் முதிர்ந்த வயதில் தரையில் உட்கார்ந்து சகோதரிகளின் நிலத்தை வரைந்தபோது அது அவருக்கு வெறும் பழங்கதையாக இருந்திருக்க முடியுமா?

இந்த மக்கள் நிலத்தை இழந்த கதை ஊருக்கு ஊர் மாறும். கேனிங் கால்நடைப் பாதைக்காக 1906இல் நிலத்தை அளக்கப் போனவர்கள், தண்ணீர் இருக்குமிடம் காட்டச் சொல்லிப் பூர்வகுடிகளைச் சங்கிலியில் பிணைத்து இழுத்துச் சென்றார்கள். மின்யிபுரு தடம் அந்தப் பாதையைக் குறுக்கே கடக்கிறது. தெற்கே, முட்புல்லின் பெயராலேயே ஸ்பினிஃபெக்ஸ் மக்கள் என்று அழைக்கப்படுகிறவர்கள் 1950களின் மாராலிங்கா அணுகுண்டுச் சோதனைகளால் வெளியேற்றப்பட்டார்கள். 1980களில் திரும்பி வந்தார்கள். நில உரிமைக் கோரிக்கைக்காக ஆண்கள் ஒரு பெரிய ஓவியமும் பெண்கள் ஒரு பெரிய ஓவியமும் வரைந்து ஆதாரமாக வைத்தார்கள். 2000இல் உரிமை அங்கீகரிக்கப்பட்டது. ஒரு பெண்ணின் தூரிகை பத்திரம் எழுதிக் கொடுக்கிறது என்றால் மிகை இல்லை.

அப்படியிருந்தும் பெண்களின் ஓவியத்தை உலகம் தாமதமாகத்தான் பார்த்தது. பாலைவன ஓவிய இயக்கம் 1971இல் பாபுன்யா என்ற அரசுக் குடியேற்றத்தில் தொடங்கியது. தொடங்கியவர்கள் ஆண்கள். மனைவியரும் மகள்களும் புள்ளி வைக்க உதவினார்கள், பெயர் ஆண்களுடையது. அதற்கு முன்பும் ஆய்வாளர்களில் பெரும்பாலோர் ஆண்கள், அவர்கள் ஆண்களிடமே கேட்டார்கள். பெண்களுக்கென்று தனிச் சடங்கு, தனிப் பாட்டு, ஆண்கள் போகக்கூடாத இடங்கள் இருந்தன. அவற்றை அந்நிய ஆணிடம் பெண்கள் சொல்வதில்லை. சொல்லாததை இல்லாதது என்று எழுதிவிட்டார்கள். தெற்கு ஆஸ்திரேலியாவில் பிஜன்ஜாரா நில உரிமைப் பேச்சுவார்த்தை நடந்தபோதும் பெண்களை யாரும் முறையாகக் கேட்கவில்லை. அந்தக் கோபத்தில் 1980இல் மூன்று மாநில எல்லைகளைச் சேர்ந்த பெண்கள் கூடித் தங்களுக்கென்று ஒரு பெண்கள் மன்றம் அமைத்தார்கள். இன்றும் அது வலுவாக இயங்குகிறது.

துணி வழியாகத்தான் பெண்கள் உள்ளே வந்தார்கள். தெற்கு ஆஸ்திரேலியாவின் எர்னபெல்லா என்ற ஊரில் 1948இலேயே கம்பளி நூற்கவும் நெய்யவும் ஒரு கைவினைக் கூடம் தொடங்கியது. யுடோபியா என்ற இடத்தில் 1977 வாக்கில் பெண்கள் பாத்திக் கற்றார்கள். உருகிய மெழுகைப் பட்டில் சொட்டி, தோளிலும் மார்பிலும் சடங்குக்கு வரையும் கோடுகளைத் துணியில் போட்டார்கள். சில ஆண்டுகளில் நில உரிமை விசாரணை நடந்தபோது அந்தத் துணிகளும் ஆதாரமாக விரிக்கப்பட்டன. அந்தக் கூட்டத்திலிருந்து வந்தவர்தான் எமிலி காமே ஞ்வாரே. கேன்வாஸில் வரையத் தொடங்கியபோது அவருக்கு எண்பதை நெருங்கும் வயது. 1996இல் இறக்கும்வரை, ஏறத்தாழ எட்டு ஆண்டுகளில், சுமார் மூவாயிரம் ஓவியங்கள். எட்டு மீட்டர் அகலத்தில் கறுப்பின் மேல் வெள்ளைக் கோடுகளாகவே ஓடும் அவருடைய 1995ஆம் ஆண்டுப் படம், பூமிக்கடியில் பரவும் கிழங்குக் கொடியின் வேர்கள். லண்டனின் டேட் மாடர்ன் அருங்காட்சியகம் 2025இல் அவருக்குத் தனிக் கண்காட்சி வைத்தது.

மேலே சொன்ன பெண்கள் மன்றத்திலிருந்து 1995இல் பிறந்தது ஜான்பி. பிஜன்ஜாராவில் ஜான்பி என்றால் புல். பாபுலங்குஜாவில் நடந்த ஒரு கூடை பின்னும் பட்டறைதான் தொடக்கம். இப்போது நானூறுக்கும் மேற்பட்ட பெண்கள் பின்னுகிறார்கள். எனக்கு இந்த ஏற்பாட்டில் பிடித்தது, இதற்குக் கடை, கூடம் எதுவும் தேவையில்லை என்பது. புல் பறிக்க வெளியே போயாக வேண்டும். போகும்போது பாட்டியும் பேத்தியும் ஒரே வண்டியில். வழியில் வேட்டை, சுனையைத் தூர்வாருதல், இடத்தின் பெயர் சொல்லிக்கொடுத்தல் எல்லாம் நடக்கிறது. மடியில் வைத்துப் பின்னலாம், குழந்தை அழுதால் வைத்துவிட்டுப் போகலாம். கம்பளி நூல், ஈமு இறகு, விதைகள் எல்லாம் சேர்த்துப் பின்னிய கூடைகள் பிறகு நாயாகி, ஒட்டகமாகி, டொயோட்டாவாகி, கண்காட்சிக்காக ஆள் உயர ஏழு சகோதரிகளாகவும் ஆயின. கூடத்துக்குள் அவர்கள் அந்தரத்தில் பறந்தபடி தொங்கினார்கள். ஓவியத்தில் வளைவாக இருந்த பெண்கள் அங்கே கையும் முலையும் முடியும் கொண்டு நின்றார்கள்.

கண்காட்சியின் அமைப்பும் ஒரு நடையாகவே இருந்தது. உள்ளே நுழைந்ததும் ஆள் உயரத் திரையில் அந்தந்த நிலத்தின் மூத்தவர்கள் வரவேற்பார்கள். ஒரு நிலத்திலிருந்து அடுத்ததற்கு மேற்கிலிருந்து கிழக்காகப் போக வேண்டும். நடுவில் ஒரு குவிமாடம். அதற்குள் மல்லாந்து படுத்தால் தலைக்கு மேல் வலிஞ்ங்கா குகையின் கூரை விரியும். உலுரு என்ற பெரும்பாறைக்குத் தெற்கே இருக்கும் இந்தக் குகையின் கூரை முழுக்க ஏழு சகோதரிகளின் பழைய பாறை ஓவியங்கள். வத்தி ஞிரு வாசலை அடைத்து உட்கார்ந்தபோது சகோதரிகள் பின்பக்கத்தை உடைத்துத் தப்பிய இடம் அது. பின்பக்கத் துவாரம் இப்போதும் இருக்கிறது. குகை மறைந்து வானம் வரும், கார்த்திகை நகரும்.

காட்டியது எல்லாம் யாரும் கேட்கலாம் என்று அனுமதிக்கப்பட்ட பகுதி மட்டும். பெண்கள் மட்டும் அறிய வேண்டியதும், ஆண்கள் மட்டும் அறிய வேண்டியதும் பாலைவனத்திலேயே தங்கிவிட்டன. புள்ளிகளே ஒரு காலத்தில் அடியிலுள்ள ரகசியக் குறிகளை மூடத்தான் நெருக்கமாக வைக்கப்பட்டன என்று பாபுன்யாவின் வரலாற்றை எழுதியவர்கள் சொல்கிறார்கள். பார்வையாளர் இதை மதிக்கப் பழக வேண்டும். எல்லாவற்றையும் அறிந்தே தீர வேண்டும் என்பது வெளியாரின் பழக்கம்.

பயணத்தில் பிளிமத் என்னை மிகவும் யோசிக்கவைத்த நிறுத்தம். 1768 ஆகஸ்டில் ஜேம்ஸ் குக்கின் எண்டெவர் கப்பல் அந்தத் துறைமுகத்திலிருந்துதான் புறப்பட்டது. இரண்டு ஆண்டு கழித்து அவர் ஆஸ்திரேலியாவின் கிழக்குக் கரையைப் பிரிட்டிஷ் அரசருடையது என்று அறிவித்தார். 2021 அக்டோபரில், அதே ஊரின் 'தி பாக்ஸ்' அருங்காட்சியகத்துக்கு ஏழு சகோதரிகள் வந்து சேர்ந்தார்கள். அந்த நிலத்தில் யார் இருந்தார்கள், எப்படிப் பெயர் வைத்திருந்தார்கள், எந்தச் சட்டத்தில் வாழ்ந்தார்கள் என்று அந்த ஊர் மக்களுக்கு அந்த நிலத்தவர்களே சொன்னார்கள். 253 ஆண்டுகள் ஆயின அதற்கு.

2022இல் பெர்லினின் ஹம்போல்ட் ஃபோரம். காலனிக் காலத்தில் பிற நாடுகளிலிருந்து வந்த பொருட்களை வைத்திருப்பது பற்றிக் கடும் விவாதத்தில் சிக்கிய இடம் அது. உரியவர்களே கேட்டு, உரியவர்களே தேர்ந்தெடுத்து அனுப்பிய கண்காட்சி அங்கே நடந்தது பொருத்தமாகவே இருந்தது. 2023இல் பாரிஸின் குவே பிரான்லி. அந்த அருங்காட்சியகக் கட்டடம் ஒன்றின் உட்கூரையில் 2006 முதலே நிங்குரா நபுருலா என்ற பாலைவனப் பெண்ணின் கறுப்பு வெள்ளைக் கோலங்கள் பெரிதாக்கி வரையப்பட்டிருக்கின்றன. தெருவில் போகிறவர்களும் அண்ணாந்து பார்க்கலாம்.

பணத்தைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். எமிலியின் 'பூமியின் படைப்பு' என்ற 1994ஆம் ஆண்டு ஓவியம் 2007இல் பத்து லட்சம் ஆஸ்திரேலிய டாலரைத் தாண்டி ஏலம் போனது, 2017இல் இருபத்தொரு லட்சம். இரண்டு ஏலமும் அவர் இறந்த பிறகு. 2010 முதல் ஆஸ்திரேலியாவில் மறுவிற்பனையில் ஐந்து சதவீதம் கலைஞருக்கோ வாரிசுக்கோ போக வேண்டும் என்ற சட்டம் இருக்கிறது. அது ஓரளவு ஆறுதல். மறுபக்கம், 'பூர்வகுடி பாணி' என்று சுற்றுலாக் கடைகளில் விற்கும் நினைவுப் பொருட்களில் பாதிக்கு மேல் போலி என்று அந்நாட்டின் உற்பத்தித்திறன் ஆணையம் 2022இல் சொன்னது. பெரும்பாலான பெண்களுக்கு ஓவியமும் கூடையும் தருவது அரிசி, மாவு, பெட்ரோல், ஒரு டயர் மாற்றும் காசுதான். அந்தக் காசை ஊர்க் கலை மையம் வழியாக நேரே அவர்கள் கையில் சேர்ப்பதே முக்கியம். வாங்குகிற எண்ணம் இருப்பவர்கள் எந்த மையத்திலிருந்து வந்தது என்று கேட்டு வாங்குங்கள்.

கண்காட்சிக்காகப் பதிவு செய்த பாட்டும் பேச்சும் படமும் அருங்காட்சியகத்தோடு நிற்கவில்லை. அனங்கு மக்கள் 1994 முதல் நடத்திவரும் அரா இரிதிஜா என்ற கணினிக் காப்பகம் இருக்கிறது. ஊர்களில் உள்ள கணினியில் பெயர் போட்டுத் தேடினால் பாட்டியின் படம் வரும், குரல் வரும். இறந்தவர்களின் பெயரையும் முகத்தையும் கொஞ்ச காலம் மறைத்துவைக்க வேண்டும் என்ற வழக்கத்துக்குத் தகுந்தபடி அதை வடிவமைத்திருக்கிறார்கள். துக்கம் முடிந்ததும் மறுபடி திறக்கலாம். ஒருநாள் பிள்ளைகள் வந்து கேட்பார்கள் என்று மூத்தோர் நம்பினார்களே, அது நடக்கப்போவது அந்தத் திரையின் முன்னால்தான்.

யார்கல்பா கேன்வாஸ் இப்போது கான்பெரா அருங்காட்சியகத்தின் சேகரிப்பில் இருக்கிறது, அதன் நிறங்கள் மாறாது. பார்ங்கூரில் அப்படி இல்லை. 2013இல் பெண்கள் கறுப்பாக வரைந்த திட்டு அதன்பின் மழை கண்டு வாரு-வாரு ஆகி, காய்த்து, முட்புல் மூடி முதிர்ந்திருக்கும். அதைக் கொளுத்த யாராவது தீக்குச்சியோடு அங்கே போக வேண்டும். போவதற்கு ஓடுகிற நிலையில் ஒரு டொயோட்டா வேண்டும், பெட்ரோல் வேண்டும், பின்சீட்டில் ஒரு பேத்தி வேண்டும்.